கார் கப்பல் என்று போட்டு கன்டெய்னர் கப்பலைக் காட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் தமிழகத்திலிருந்து நடக்கும் கார் ஏற்றுமதி பற்றி அரைப்பக்கச் செய்தி வந்திருந்தது. செய்தியில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ‘கார்களை ஏற்றிச் செல்லும் கப்பல்’ என்று கீழே போட்டிருந்தீர்கள். படத்தில் நின்றது கன்டெய்னர் கப்பல். சிவப்பும் நீலமுமாகப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நிற்கிறது. ஒன்றிரண்டு கார் கன்டெய்னரிலும் போகும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் கார் போவது அந்தக் கப்பலில் இல்லை. அதைக் கார் கப்பல் என்றால் என் ஸ்டுடியோ வாசலில் நிற்கும் டிவிஎஸ் எக்ஸெல்லையும் டவுன் பஸ் என்று சொல்லிவிடலாம்.

இதற்கெல்லாமா ஒரு கடிதம் என்று நினைக்க வேண்டாம். திருமங்கலத்தில் 34 வருடமாக ஸ்டுடியோ வைத்திருப்பவன் நான். கல்யாண ஆல்பத்தில் தாய்மாமன் மாலை போடும் இடத்தில் வேறு யாரோ ஒருவரை ஒட்டிக் கொடுத்துவிட்டு, கடை வாசலில் வந்து நின்ற கூட்டத்துக்குப் பதில் சொன்ன அனுபவம் உண்டு. அன்றிலிருந்து படமும் அதன் கீழே எழுதியிருப்பதும் பொருந்தாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கப்பலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. தொழிற்பேட்டை இருக்கிறது, சுங்கச்சாவடி இருக்கிறது, கப்பல் மட்டும் இல்லை. ‘கப்பலூருக்குப் பக்கத்து ஊர்க்காரன் கப்பல் படம் எடுக்கிறான்’ என்று டீக்கடையில் என்னைக் கிண்டல் செய்வார்கள். ஆறு வருடமாக இந்தக் கிண்டலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காரணம் என் தம்பி மகன். மதுரையில் எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு, கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசராகப் போனான். போய்ச் சேர்ந்தது கார் கப்பல். முதல் தடவை ஊருக்கு வந்தபோது செல்போனில் ஒரு படம் காட்டினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னடா இது, குடோன் சுவரைப் படம் எடுத்துட்டு வந்திருக்கே?” என்றேன். “பெரியப்பா, அதுதான் கப்பல்” என்றான்.

உண்மையாகவே குடோன் சுவர்தான். மூக்கு கூராக இருக்காது, மழுங்கி உருண்டிருக்கும். பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. தண்ணீர் மட்டத்திலிருந்து எட்டு ஒன்பது மாடி உயரத்துக்கு நேராக எழும்பி நிற்கும் சுவர். அதன் உச்சியில், முன்பக்கமாக, கப்பலை ஓட்டுகிற அறையும் ஆட்கள் குடியிருக்கும் அறைகளும் தீப்பெட்டி வைத்ததுபோல இருக்கும். பெரும்பாலான கார் கப்பல்களின் நீளம் 200 மீட்டரை ஒட்டியே இருக்கிறது. நிறைய கப்பல்களுக்குக் கணக்கு 199.9 மீட்டர். அந்தப் பத்து சென்டிமீட்டரை ஏன் குறைத்தார்கள் என்று கேட்டேன். ஜப்பானில் கடல் போக்குவரத்துச் சட்டப்படி 200 மீட்டரை எட்டிவிட்டால் ‘மிகப்பெரிய கப்பல்’ கணக்கில் சேர்ந்து கூடுதல் கட்டுப்பாடுகள் வருமாம். அகலத்துக்கும் ஒரு கதை உண்டு. பனாமா கால்வாயின் பழைய மதகு அறைகள் 110 அடி அகலம். அதற்குள் நுழைய வேண்டும் என்பதற்காக 106 அடியோடு நிறுத்திக்கொண்டார்கள். 2016இல் அங்கே பெரிய மதகுகள் திறந்த பிறகு இன்னும் அகலமான கப்பல்கள் வந்துவிட்டன. இப்போது ஒன்பதாயிரம் கார் ஏற்றும் கப்பல்கூட ஓடுகிறது. எங்கள் பையன் இருந்தது ஆறாயிரத்துச் சொச்சம் கார் ஏற்றுகிற பழைய அகலத்துக் கப்பல்.

மதுரைக்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். வண்டியூர் தெப்பக்குளத்தின் நீண்ட கரை ஏறத்தாழ ஆயிரம் அடி. இந்தக் கப்பலை அதற்குள் இறக்கினால் கரையில் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துக்கொண்டு நிற்கும். மைய மண்டபம் இருக்கிறபடியால் திரும்ப முடியாது, அது வேறு விஷயம்.

உள்ளே பன்னிரண்டு பதின்மூன்று தளம். பின்பக்கம் வலது மூலையில் ராம்ப் என்கிற பெரிய சாய்வுப் பாலம் மடங்கி நிற்கும். கரைக்கு வந்ததும் அதை இறக்கினால் கார்கள் தாமாகவே ஓடி ஏறும். கிரேன் கிடையாது, தூக்குவது கிடையாது. டிரைவர்கள் வரிசையாகக் காரை ஓட்டி உள்ளே கொண்டுபோய் விடுவார்கள், ஒரு வேன் பின்னாலேயே போய் அவர்களை அள்ளிக்கொண்டு வரும், மறுபடி அடுத்த கார். ஒரு காருக்கும் முன்னே நிற்கும் காருக்கும் இடையில் சுமார் 30 சென்டிமீட்டர், பக்கத்துக் காரின் கண்ணாடிக்கும் இதன் கண்ணாடிக்கும் 10 சென்டிமீட்டர்தான் விடுவார்களாம். தமுக்கத்தில் பொருட்காட்சி நேரத்தில் வண்டி நிறுத்திய யாருக்கும் இந்தக் கணக்கு பயம் தரும். நிறுத்திய பிறகு சக்கரத்துக்குச் சக்கரம் பெல்ட் போட்டுத் தளத்தோடு இறுக்கிக் கட்டுவார்கள். ஆயிரக்கணக்கான கார் உள்ளே புகையைக் கக்கிக்கொண்டு ஏறுவதால் அன்றைக்கு முழுக்க ராட்சத மின்விசிறிகள் ஓட வேண்டும். அந்த விசிறிகள்தான் எங்கள் பையன் பொறுப்பு. ஏற்றுமதி நாளில் போன் செய்தால் பின்னால் ரைஸ்மில் ஓடுகிற சத்தம் கேட்கும்.

1998இலிருந்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்கிறார்கள். அங்கிருந்தும் ஒரகடத்திலிருந்தும் நம் ஆட்கள் செய்த கார் சென்னை, எண்ணூர் துறைமுகங்கள் வழியாக எத்தனையோ நாட்டுக்குப் போகிறது. இத்தனை வருடத்தில் அந்தக் கப்பல் எப்படி இருக்கும் என்று ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குத் தெரியாமல் போனதற்குத் தங்கள் படப்பிரிவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நின்று பார்க்க இடமில்லாததை யார் படம் எடுப்பார்கள்? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன், எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொழில்காரன், விட மனசு வரவில்லை.

பெரிய பொருளை, அதுவும் மெதுவாக நகர்கிற பெரிய பொருளைப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டது சித்திரைத் தேரில். மாசி வீதியில் தேர் நேராக வரும்போது யார் எடுத்தாலும் ஒரே படம்தான் வரும். தேர் முனையில் திரும்ப வேண்டும். சக்கரத்தில் முட்டுக்கட்டை கொடுத்து, வடத்தை ஒரு பக்கமாக இழுத்து, தேர் முகத்தைத் திருப்பும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் அதன் முன்பக்கமும் பக்கவாட்டும் சேர்ந்து தெரியும். அப்போதுதான் அதன் கனம் கண்ணுக்குத் தெரியும். கார் கப்பலும் அதே ஜாதி. நேர் பக்கவாட்டில் எடுத்தால் வெள்ளையடித்த சுவர். திரும்பும்போது, இழுவைப் படகுகள் விலாவில் நெற்றியை வைத்து முட்டித் தள்ளும்போது எடுத்தால்தான் அது கப்பல். காற்று அடித்தால் அந்தச் சுவர் முழுக்கப் பாய்மரம்தானே? அதனால்தான் டக் என்கிற அந்தச் சின்னப் படகுகள் இல்லாமல் உள்ளே வருவது கஷ்டம் என்கிறான் பையன். கப்பலுக்கு வழிகாட்டி உள்ளே கொண்டுவரும் துறைமுகத்து பைலட் ஏறுவதும் பார்க்க வேண்டிய காட்சியாம். உச்சிவரை ஏணி போட முடியாத உயரம் என்பதால் சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்னக் கதவைத் திறந்து கயிற்றேணி விடுவார்கள். ஓடுகிற படகிலிருந்து ஒரு மனிதர் அதைப் பிடித்து ஏறுவார். சுவரில் பல்லி ஊர்கிற மாதிரி. அந்த ஆள் படத்தில் இருந்தால்தான் கப்பலின் அளவு புரியும். நான் இன்னும் அந்தப் படத்தை எடுக்கவில்லை.

எடுத்தது ஒன்றே ஒன்று. 2025 தை மாதம், ‘பெரியப்பா, சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டிருக்கோம், உள்ளே இடம் கிடைக்க ஒரு நாள் ஆகலாம், எங்களை இறங்க விட மாட்டாங்க’ என்று செய்தி அனுப்பினான். அன்று ராத்திரியே பாண்டியன் எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டில் ஏறி, டிரைபாடைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே போனேன். எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்து மெரினா. அவசரத்தில் காலை ஆறரைக்கே போய் நின்றது என் முட்டாள்தனம். நம் கரையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து வருகிறது. கப்பல் சூரியனுக்கு முன்னால் கரிக்கட்டை மாதிரி நின்றது. ஒன்பது மணிக்கெல்லாம் தண்ணீர் மேல் கானல் எழும்பி, கப்பல் அடிப்பாகம் நெளிய ஆரம்பித்துவிட்டது. மேற்குக் கடற்கரைக்காரர்களுக்குக் காலை வெளிச்சம், நமக்கு மாலை வெளிச்சம் என்பதை முப்பது வருடம் கேமரா பிடித்தவன் மணலில் நின்றுதான் கற்றுக்கொண்டேன். சுண்டல் சாப்பிட்டுவிட்டு, துண்டை விரித்து, பையைத் தலைக்கு வைத்து மூன்று மணி வரை படுத்திருந்தேன்.

மூன்றே முக்காலுக்கு வெயில் முதுகுக்கு வந்தது. ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, கரிக்கட்டையாக இருந்தது பாலாடைக் கட்டி மாதிரி வெள்ளையாக எழுந்து நின்றது. செகண்ட்ஹேண்டில் வாங்கிய சிக்மா 150-600 லென்ஸ். வெள்ளைச் சுவரைக் கேமராவின் கணக்குக்கு விட்டால் சாம்பலாக்கிவிடும், கொஞ்சம் அதிகம் கொடுத்தால் வெளுத்துப்போய்விடும். பட்டுவேட்டி கட்டிய மாப்பிள்ளையைத் திறந்த வெளியில் எடுக்கிற கஷ்டம்தான். அப்போது பையன் போன் செய்தான். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

“பெரியப்பா, தெரியுதா?”

“கப்பல் தெரியுது. நீ தெரியலை.”

“மேல்தளத்துக்கு வந்து நிக்கிறேன். கையாட்டுறேன் பாருங்க.”

பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. “தெரியுது, தெரியுது” என்று சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

ராம்ப் தெரியும்படி எடுக்க வேண்டும் என்று ஆசை. அதுவும் நடக்கவில்லை. ஏன் என்று பிறகுதான் யோசித்தேன். நங்கூரம் போட்ட கப்பல் காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பி வைத்துக்கொள்ளும். தை மாதம் இன்னும் வாடைக்காற்றுதான், அதனால் மூக்கு வடகிழக்கே. ராம்ப் வலதுபக்கப் பின்மூலையில், அதாவது கடலைப் பார்த்த பக்கம் போய்விடுகிறது. ஆடிக்காற்று மாதத்தில் வந்தால் மூக்கு தென்மேற்கே திரும்பி, வலதுபக்கம் கரைக்குத் தெரியும். ராம்ப் படம் வேண்டுமென்றால் ஆடியில் வர வேண்டும். எங்கள் ஊரில் ஆடியில்தான் முகூர்த்தம் கிடையாது, எனக்கும் வேலை இருக்காது. இது ஒன்றுதான் கணக்கு சரியாக வந்த விஷயம்.

இனி குறைக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடலோர ஊருக்கு வளைகாப்பு ஆர்டருக்குப் போனேன். எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை, யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கமல்ல. வேலை முடிந்து மாலையில், துறைமுக வேலிக்கு வெளியே பொதுச்சாலையில் நின்று, உள்ளே வந்துகொண்டிருந்த ஒரு கப்பலை எடுத்தேன். சீருடையில் இருவர் வண்டியில் வந்து இறங்கினார்கள். படம் எடுக்கக் கூடாது என்றார்கள். பலகை எங்கே என்று கேட்டேன், தப்பு, கேட்டிருக்கக் கூடாது. ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஆதாரைப் பார்த்தார்கள், எதற்கு என்றார்கள், ‘தம்பி பையன் கப்பல்ல இருக்கான், அதான் ஆசை’ என்றேன், ஒருவர் சிரித்தார். கடைசியில் எல்லாப் படத்தையும் அழிக்கச் சொன்னார்கள். ‘கார்டை ஃபார்மட் பண்ணு’ என்று சொல்லிப் பக்கத்திலேயே நின்றார்கள். அதே கார்டில்தான் அந்தப் பெண்ணின் வளைகாப்பு முழுக்க இருந்தது. கையில் சந்தனத்தோடு ஏழு சுமங்கலிகள், அந்தப் பெண்ணின் பாட்டி வளையல் போட்டுவிட்டு அழுத படம், எல்லாம். சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அழித்தேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் மீட்கும் மென்பொருளைப் போட்டு விடிய விடிய உட்கார்ந்து பதினொரு படம் தவிர எல்லாவற்றையும் மீட்டுவிட்டேன். பாட்டி படம் கிடைத்தது. கூடவே கப்பல் படங்களும் வந்து நின்றன. அவற்றை நானே மறுபடி அழித்தேன். அழிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டால் அழித்தாக வேண்டும். பதினொரு படத்துக்காக ஆர்டர் கூலியில் இரண்டாயிரம் குறைத்துக்கொண்டேன்.

பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. 2008இல் மும்பைக்குக் கடல் வழியாகத்தான் வந்தார்கள். 2004 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கத் துறைமுகங்களுக்கு ஒரே பாதுகாப்பு விதித்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. வாசலில் பலகை வைத்திருந்தால் அதை மதிக்கிறேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வெளிநாடு போகிற 300 டன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கப்பலும் தான் எங்கே இருக்கிறேன், எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே போக வேண்டும் என்பது சர்வதேச விதி. அதை மரைன் டிராஃபிக் மாதிரிச் செயலியில் எட்டாம் வகுப்புப் பையன்கூடப் பார்க்கலாம். எந்தக் கப்பல் எந்தப் பெர்த்தில் நிற்கிறது என்று துறைமுகங்களே தினமும் இணையதளத்தில் போடுகின்றன. கப்பலின் பின்பக்கம் ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணை, அதாவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் அடையாள எண்ணை, பெரிதாக எழுதி வைக்கச் சொல்வதே எவரும் படிக்கத்தான். பெயர் மாறலாம், கொடி மாறலாம், அந்த எண் கப்பலை உடைக்கும் வரை மாறாது. இத்தனையும் வெளிச்சத்தில் இருக்க, வேலிக்கு வெளியே நின்று ஒருவன் எடுக்கிற படத்தில் மட்டும் என்ன ரகசியம்?

இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பெரிய கார் துறைமுகம். உள்ளே போகிற வழியில் கால்ஷாட் என்கிற முனையில் கப்பல் கரையை ஒட்டித் திரும்புகிறது. நம் தேர் திரும்புவது போலவே என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் டீ, கேமரா என்று வயசாளிகள் உட்கார்ந்திருப்பார்களாம். பையன் கையாட்டினால் அவர்களும் ஆட்டுவார்களாம். 2015 ஜனவரி 3ஆம் தேதி அந்தப் பக்கத்திலேயே ஹோய்க் ஒசாகா என்ற கார் கப்பல் சாய்ந்து மணல்திட்டில் ஏறி நின்றபோது, எடையையும் கப்பல் சாயாமல் நிற்கும் தன்மையையும் சரியாகக் கணக்குப் பார்க்காமல் கிளம்பியதே காரணம் என்று விசாரணையில் எழுதினார்கள். பல நாள் அது சாய்ந்து கிடந்ததைக் கரையில் நின்று ஊரே படம் எடுத்தது. யாரும் யாரையும் கார்டை அழிக்கச் சொன்னதாகத் தெரியவில்லை. இன்னொரு கூத்து கேளுங்கள். குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த கேலக்ஸி லீடர் என்ற கார் கப்பலை 2023 நவம்பரில் செங்கடலில் ஏமன் நாட்டு ஆயுதக் குழுவான ஹவுதிகள் கடத்திக்கொண்டு போனார்கள். கடத்தினவர்களே அதைச் சுற்றுலா இடமாக்கி, உள்ளூர் ஜனத்தை ஏற்றிச் செல்பி எடுக்க விட்டார்கள். அதிலிருந்த 25 பேரும் வெளியே வர 2025 ஜனவரி ஆகிவிட்டது. மெரினாவில் நான் மணலில் படுத்திருந்த அதே தை மாதம்.

இந்த ஆசை எனக்கு மட்டும் என்றால் எழுதியே இருக்க மாட்டேன். 2023 ஜூலை கடைசியில் நெதர்லாந்துக்கு அப்பால் ஃபிரமேண்டில் ஹைவே என்ற கார் கப்பல் தீப்பிடித்தது. கார் தளங்களில் குறுக்குச் சுவர் அதிகம் கிடையாது. சுவர் வைத்தால் கார் ஓட்ட முடியாதே. அதனால் தீயோ தண்ணீரோ புகுந்தால் பரவுவதைத் தடுப்பது கஷ்டம். கப்பலில் இருந்த 23 பேரில் பெரும்பாலோர் இந்தியர். சிலர் உயரத்திலிருந்து கடலில் குதித்தார்கள். ஒருவர் இறந்தார், அவரும் இந்தியர். அந்தச் செய்தி டிவியில் ஓடியபோது செக்கானூரணியில் என் தம்பி சம்சாரம் பதறிப்போனது. ‘ஹைவே’ என்று முடியும் பெயர்கள் ஒரு கம்பெனிக் கப்பல்களுக்கு, ‘ஏஸ்’ இன்னொரு கம்பெனிக்கு, ‘லீடர்’ வேறொன்றுக்கு, நம்ம பையன் கப்பல் இதில்லை என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. பையனுக்கு போன் போகவில்லை, நடுக்கடல். “அவன் இருக்கிற கப்பல் எப்படித்தான் இருக்கும், அதையாவது காட்டுங்க மாமா” என்றது.

தேடினேன். எங்கோ ஒரு வெளிநாட்டுக் கரையில், யாரென்றே தெரியாத ஒருவர் எடுத்த படம் கிடைத்தது. பளிச்சென்று வெயில், கப்பல் திரும்பிக்கொண்டிருக்கிறது, விலாவில் சிவப்பு டக் ஒன்று. தம்பி சம்சாரம் போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒவ்வொரு மூலையாக நகர்த்திக்கொண்டே போனது. அந்தப் படம் எடுத்த நாளில் பையன் அந்தக் கப்பலில் சேர்ந்திருக்கவே இல்லை. அதை நான் சொல்லவில்லை. அரைமணி நேரம் பார்த்துவிட்டு, “ஜன்னலே இல்லையே மாமா, எப்படி மூச்சு விடுவான்?” என்று கேட்டது. விசிறி இருக்கு, அதைப் பார்த்துக்கறதே அவன்தான் என்றேன். அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நம் கரைக்கும் அந்தக் கப்பல் வந்து போயிருக்கிறது. நம் கரையில் நின்று எடுத்த படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

தூத்துக்குடி எங்களுக்குக் கிட்டே. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்த ஊர். துறைமுகத்துக்கே அவர் பெயர்தான். அந்த ஊரில் 2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலையை முதலமைச்சர் திறந்து வைத்தார். வெளிநாட்டுக்கும் அனுப்புவோம் என்கிறார்கள். நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் செய்த கார் நம் ஊர்ப் பக்கத்துத் துறைமுகத்திலேயே ஏறுமானால், கார் கப்பல் அந்த நாலு கிலோமீட்டர் அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே நுழைவதைப் பார்க்க எங்களுக்கெல்லாம் ஓர் இடம் வேண்டும். கட்டடம் எதுவும் கேட்கவில்லை. வேலிக்கு வெளியே, பெர்த்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டுமோ அவ்வளவு தள்ளி, மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கைப்பிடி வைத்தால் போதும். அடையாள அட்டை வாங்கிக்கொள்ளட்டும், ஐம்பது ரூபாய் டிக்கெட் போடட்டும், காவலர் ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் போதும். நேரம் மட்டும் மாலை மூன்றிலிருந்து ஆறு என்று வையுங்கள், காலையில் திறந்தால் என் மாதிரி ஏமாறுவார்கள். அதுவும் முடியாது என்றால், அனுமதி யாரிடம், எந்தப் படிவத்தில் கேட்க வேண்டும் என்று வாசலில் ஒரு பலகையாவது தமிழில் எழுதி வையுங்கள். ‘எடுக்கக் கூடாது’ என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னும் இரண்டு வரி எழுதுவது கஷ்டமா?

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் நிருபர் கேட்டால் துறைமுகத்தில் உள்ளே விடுவார்கள். ஒரு புகைப்படக்காரரை அனுப்பி, ராம்ப் இறங்கியிருக்கும்போது, கார் வரிசையாக ஏறும்போது ஒரு நல்ல படம் எடுத்து வரச் செய்யுங்கள். அது வரும் வரை, அடுத்த முறை கார் ஏற்றுமதி என்று எழுதினால் போடுவதற்கு, மெரினாவில் நான் எடுத்ததை இந்தக் கடிதத்தோடு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். மாலை 4 மணி 10 நிமிடத்துக்கு எடுத்தது. கப்பல் பெயர் கானலில் கரைந்து படிக்க முடியாமல் இருக்கிறது. பையன் வேலைக்கு அதுவும் நல்லதுதான். பணம் எதுவும் வேண்டாம்.

ஒன்றே ஒன்று. இரண்டு பத்தி அகலத்துக்கு அடக்குவதற்காக இடது ஓரத்தை வெட்டிவிட வேண்டாம். ஊருக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உச்சித் தளத்தில் இடது ஓரமாக ஆரஞ்சு நிறத்தில் குண்டூசித் தலை அளவு ஒரு புள்ளி இருக்கிறது. தம்பி சம்சாரத்திடம் காட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
ஸ்டுடியோக்கார வாசகன்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.